சயாமுக்குப் போனவங்க கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிச்சு, சாப்பிட்டுட்டு, உட்கார்ந்து படிங்க. படிச்ச பிறகு வீட்டில் இருக்கும் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்காகத்தான் எழுதுகிறோம்.

போன ஆடி அமாவாசைக்கு நம்ம ஆலயத்தில் சயாம் மரண ரயில் பாதையில் இறந்தவர்களுக்காக மோட்ச தீபம் ஏற்றினோம். குருக்கள் ஐயா வழக்கம்போல இறந்தவர் பெயர், திதி கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, வயது 90 தாண்டிவிட்டது, "பேரு தெரியும் சாமி, எந்தத் தேதியில செத்தாருன்னுதான் தெரியாது" என்றார். அவருடைய அப்பா. பின்னால் நின்ற அண்ணனுக்கு அதுவும் இல்லை. "எங்க தாத்தா பேரே தெரியாதுங்க. சயாமுக்குப் போனவருன்னுதான் வீட்டில சொல்வாங்க" என்றார். குருக்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, திதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதான், சங்கல்பம் பண்ணிடலாம் என்று ஆரம்பித்தார்.

அன்று அன்னதானப் பந்தியில் பரிமாறிக்கொண்டு இருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், இதுக்கு ஜப்பான்காரன் கோடிக்கணக்குல காசு கொடுத்துட்டானாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு. அந்தக் காசு எங்க போச்சு?"

எங்களில் ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆலயத் தொண்டர்கள் நாங்கள் அதிகம் படிச்சவங்க இல்லை. பெரும்பாலும் ஃபேக்டரி, லோரி, பாதுகாவலர் வேலை. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதனால் ஒரு மூணு மாசம் புத்தகம் தேடி, நூலகம் போய், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் படிச்சோம். படிச்சதை இங்கே வைக்கிறோம்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமா. 1942-ல் ஜப்பான் மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாத்தையும் பிடிச்சது. பர்மாவில் இருக்கும் படைக்குக் கடல் வழியா சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. நேசநாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்துக்கிட்டு இருந்தன. அதனால் சயாமில் பான் போங் பக்கத்தில் இருக்கும் நொங் பிளாடுக்கில் இருந்து பர்மாவில் தன்பியுசாயாட் வரைக்கும், எல்லை மலைக்காட்டைக் குறுக்கே வெட்டி, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு பண்ணினாங்க. மூன்று பகோடா கணவாய் என்று சொல்லும் இடம்தான் எல்லை. வெள்ளைக்காரனே முன்னாடி அளந்து பார்த்து, இது சரிப்படாது என்று விட்ட வழி. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கொய்தா என்ற இடத்தில் சேர்ந்தது.

போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தாங்க. அவங்களில் 12,000 பேருக்கு மேல் செத்தாங்க. உலகம் பேசுவது இவங்களைப் பற்றித்தான். 1957-ல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தில் பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் பாலத்தையே கட்டின மாதிரி இருக்கும். ஆனால் ஆசியத் தொழிலாளிகள் அவங்களைவிட மூன்று மடங்கு. பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனர்கள், நம்மவங்க. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல் போனாங்க, அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளிகளில் மொத்தம் 90,000 பேர் வரை செத்திருப்பாங்க என்பது பரவலான மதிப்பீடு. கவனிங்க, மதிப்பீடு. இதைப் பற்றிப் பிறகு சொல்றோம்.

எப்படிப் போனாங்க என்பதும் முக்கியம். ஏன்னா, "அவங்க சம்பளத்துக்குப் போன கூலிதானே" என்று பிற்காலத்தில் சொன்னவங்க உண்டு. ஆரம்பத்தில் மூணு மாச ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்க இடம், ரயில் இலவசம் என்றுதான் விளம்பரம். அப்போது ரப்பரை வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். அதனால் நம்பிப் போனவங்க இருக்காங்க. ஆனால் அப்படி வந்த ஆள் போதவில்லை. 1943-ல் மேலிருந்து அவசரம் வந்தது. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டாங்க. இலவசப் படம் காட்டுறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லோரியில் ஏற்றினாங்க. சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போனவன் திரும்பலை. மாடு மேய்க்கப் போனவன் திரும்பலை. இந்த மாதிரி கதை கேட்காத தோட்டம் கிடையாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். தலை எண்ணிக் கொடுத்தது ஜப்பான்காரன் மட்டும் இல்லை. லயத்தில் யார் யார் இருக்காங்க என்று அவனுக்குத் தெரியாது. நம்ம கிராணிக்கும் கங்காணிக்கும் தெரியும். பயத்தில் கொடுத்தவங்க உண்டு, பழைய பகையைத் தீர்த்தவங்களும் உண்டு. சில குடும்பங்கள் இன்று வரைக்கும் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் போகாததுக்கு இதுதான் காரணம் என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். எந்தக் குடும்பம் என்று நாங்க கேட்கவில்லை.

பிறகு சரக்கு வண்டியில் நாலைந்து நாள், பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள்ளே நடை. சிலர் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தாங்க. பெண்டாட்டி பிள்ளையோட போனவங்களும் உண்டு. 1943 மே மாதம் மழை பிடித்தது, கூடவே வாந்திபேதி. போர்க்கைதிகள் பட்டது கொஞ்சமல்ல. ஆனாலும் அவங்களுக்கு அதிகாரிகள் இருந்தாங்க, கூட மருத்துவர்கள் இருந்தாங்க, தண்ணீரைக் கொதிக்க வைச்சுக் குடி என்று கட்டளை போட ஆள் இருந்தது. நம்மவங்களுக்கு அது ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் சாங்கி முகாமில் இருந்து கே, எல் என்ற பெயரில் இரண்டு கைதி மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினாங்க. போய்ச் சேருவதற்குள் பல முகாம்களில் பிணத்தை இழுத்துப் போடக்கூட ஆள் இல்லை. கரையில் முகம் கழுவி, அதே தண்ணியைக் குடிச்சு, அன்று ராத்திரியே செத்தாங்க.

பாட்டியின் அப்பா எப்படிச் செத்தார் என்று கூடப் போய் உயிரோடு திரும்பிய ஒருத்தர் 1946-ல் வந்து சொன்னாராம். புண் வந்து காலை எடுக்க முடியாமல் மூங்கில் கொட்டாயில் கிடந்தார், இடம் மாற்றும்போது நடக்க முடியாதவங்களை அங்கேயே விட்டுட்டு வந்தோம் என்று. அவ்வளவுதான் தகவல். பாட்டியின் அம்மா அந்த ஆளுக்குச் சோறு போட்டு அனுப்பிட்டு, அப்புறம்தான் தாலியைக் கழற்றினாராம்.

சரி, இப்போது காசு விஷயம்.

போர் முடிந்ததும் ஜப்பான் நோட்டு வெறும் காகிதம் என்று அறிவிச்சாங்க. யாராவது சம்பளம் சேர்த்து வைச்சிருந்தால் அதுவும் போச்சு. அந்த வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகளைப் பிள்ளைகள் விளையாட வைச்சிருந்தாங்க.

1946 அக்டோபரில் ரயில் பாதையின் சயாம் பகுதியை அந்நாட்டு அரசாங்கத்துக்கு விற்றாங்க. விலை 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? அந்தப் பாதை போட ஜப்பான்காரன் சுற்றியிருந்த நாடுகளில் தண்டவாளத்தையும் சாமானையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். நம்ம கிழக்குக் கரை ரயில் பாதையில் பிடுங்கினதும் அங்கேதான் போச்சு. அந்தச் சாமானுக்கு நஷ்ட ஈடாகத்தான் பணம் கொடுத்தாங்க. நன்றாகக் கவனிங்க. மலாயாவிலிருந்து இரும்பும் போச்சு, ஆளும் போச்சு. இரும்புக்கு விலை கிடைச்சது.

இதைப் படிச்ச அன்று எங்க குழுவில் ஒருத்தர் எழுந்து வெளியே போயிட்டார். சிகரெட் பிடிக்கத்தான் போனார் என்று நினைச்சோம். அழுதுகிட்டு நின்றார்.

அடுத்தது 1951 செப்டம்பர் 8, சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம். அதில் 14-ஆம் பிரிவு, நேச நாடுகள் இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக் கொடுக்கின்றன என்கிறது. நாடுகள் மட்டும் இல்லை, அந்த நாடுகளின் மக்களுடைய கோரிக்கைகளையும் சேர்த்தே விட்டுக் கொடுக்கிறது. அன்று மலாயா சுதந்திர நாடு இல்லை. கையெழுத்துப் போட்டது பிரிட்டன். தோட்டத்து விதவைகளை யாரும் கூப்பிட்டு, அம்மா உங்க புருஷன் கணக்கை விட்டுடலாமா என்று கேட்கவில்லை. 16-ஆம் பிரிவில் ஒரு சின்னக் கதவு இருந்தது. ஜப்பானுக்கு வெளிநாடுகளில் இருந்த சொத்தை விற்று, செஞ்சிலுவைச் சங்கம் மூலம் கைதிகளுக்குக் கொடுப்பது. அந்த ஒப்பந்தத்தின் மூலம் பிரிட்டிஷ் கைதி ஒருத்தருக்குச் சுமார் 76 பவுண்டு கிடைத்தது. ரொம்பக் குறைச்சல்தான். ஆனால் அந்தப் பிரிவு "போர்க்கைதிகள்" என்றுதான் சொல்கிறது. நம்மவங்க போர்க்கைதி இல்லை, கூலி. கதவு நமக்குத் திறக்கவில்லை.

இந்தியா கேட்டிருக்கலாமே என்று சிலர் சொல்வாங்க, போனவங்களில் நிறைய பேர் இந்தியாவில் பிறந்தவங்கதானே என்று. இந்தியா சான் பிரான்சிஸ்கோவுக்கே போகவில்லை. 1952 ஜூனில் தனியாக ஜப்பானுடன் ஒப்பந்தம் போட்டு, இழப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பெருந்தன்மை என்று பாராட்டினாங்க. இருக்கட்டும். பர்மா 1954-ல் 20 கோடி டாலர் வாங்கியது. பிலிப்பைன்ஸ் 1956-ல் 55 கோடி டாலர். சொந்தமாகப் பேச ஒரு அரசாங்கம் இருந்தவங்க வாங்கினாங்க.

நமக்கு வந்தது 1967-ல். அதுவும் சீனர்கள் போட்ட சத்தத்தால். 1962-ல் சிங்கப்பூரில், 1942-ல் ஜப்பான்காரன் கொன்று புதைத்த சீனர்களின் எலும்புகள் குழி குழியாகக் கிடைத்தன. "ரத்தக் கடன்" என்று கேட்டாங்க. 1963 ஆகஸ்டில் சிட்டி ஹால் முன்னாடி ஒரு லட்சம் பேர் கூடினாங்க. சீன வர்த்தக சங்கம் முன்னால் நின்றது. செத்தவங்க பெயர்ப் பட்டியலும் எடுத்தாங்க. கடைசியில் 1967 செப்டம்பர் 21-ல் ஜப்பான் மலேசியாவோடும் சிங்கப்பூரோடும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டது. மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி. சிங்கப்பூருக்கு இரண்டரைக் கோடி மானியம், அதே அளவு கடன். போர்க்காலத் துயரச் சம்பவங்களால் வந்த எல்லாப் பிரச்சினையும் இதோடு முழுமையாக, இறுதியாகத் தீர்ந்தது என்று மலேசிய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது.

அந்த இரண்டரைக் கோடி ரொக்கமாக வரவில்லை. ஜப்பான் பொருளாகவும் சேவையாகவும் வந்தது. நாட்டுக்கு இரண்டு சரக்குக் கப்பல் கிடைத்தது. தேசியக் கப்பல் நிறுவனம் அப்போதுதான் தொடங்கிய நேரம். கப்பல் நாட்டுக்கு வேண்டியதுதான், நாங்க இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் தோட்டத்து லயத்துக்கும் அந்தக் கப்பல் வரவில்லை.

சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தத் தொகையையும் சயாம் போன 75,000 பேருக்கு மட்டுமே பிரித்திருந்தால்கூட, ஆளுக்கு 333 வெள்ளி. அது நமக்கு மட்டும் உரிய பணமும் இல்லை, சீனர்கள் பட்டதுக்கும் சேர்த்து வந்தது.

ஆக, அந்தத் தம்பிக்கு எங்க பதில் இது. அதிகாரபூர்வமாக வந்தது 1967-ன் இரண்டரைக் கோடி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்ததாக நாங்க பார்த்த எந்த ஆவணத்திலும் இல்லை. ஆயிரம் கோடி வந்தது, பதுக்கிட்டாங்க என்று சுற்றும் செய்திக்கு ஆதாரம் கேட்டால் இன்னொரு வாட்ஸ்அப் செய்தியைத்தான் அனுப்புறாங்க. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. "சயாம் இழப்பீடு வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கொடுங்க" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு சல்லிக்காசு கொடுக்காதீங்க. பக்கத்துத் தாமானில் ஒரு அக்கா 150 வெள்ளி கொடுத்துட்டு, ரசீதை மட்டும் வைச்சிருக்காங்க.

அப்புறம் என்ன, எல்லாம் முடிஞ்ச கதைதானே என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. 2000-ல் பிரிட்டன் தன்னுடைய பழைய கைதிகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தது. ஜப்பான் கொடுக்கவில்லை, தன் சொந்த அரசாங்கமே கொடுத்தது. கைதி செத்திருந்தால் விதவைக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவும் அப்படிச் செய்தன. ஒப்பந்தத்தில் உரிமையை விட்டுக் கொடுத்தது நாங்கள், அதனால் பொறுப்பும் எங்களுடையது என்ற நியாயம் அது. ஜெர்மனி 2000-ல் ஒரு அறக்கட்டளை அமைத்து, அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து ஆயிரம் கோடி மார்க் போட்டாங்க. 2007-க்குள் கட்டாய வேலை செய்த 16 லட்சத்துக்கு மேற்பட்டவங்களுக்குக் காசு போய்ச் சேர்ந்தது. போர் முடிந்து 55 வருஷம் கழித்து!

ஜப்பானில் வழக்குப் போட்டவங்களும் உண்டு. சீனத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில் 2007 ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், சான் பிரான்சிஸ்கோ ஏற்பாட்டால் தனி ஆள் நீதிமன்றம் மூலம் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அவங்க பட்ட கஷ்டத்தை மறுக்கவில்லை, சம்பந்தப்பட்டவங்க தாமாக உதவலாம் என்றது. 2009-ல் அந்த நிஷிமட்சு கட்டுமான நிறுவனம் 360 தொழிலாளிகளுக்காக 25 கோடி யென் கொடுத்துச் சமாதானம் ஆனது. வழக்கில் தோற்றவங்க எப்படி வாங்கினாங்க? 360 பேருக்கும் பெயர் இருந்தது. ஊர் இருந்தது.

எங்களை ராத்திரி தூங்க விடாத விஷயம் இதுதான். நாங்க ஃபேக்டரியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது தலை எண்ணுகிறோம். ஒருத்தர் குறைந்தால் லைன் ஓடாது. ஒரு தொழிலாளிக்கு விரல் நசுங்கினால் பெர்கேசோவுக்குப் பாரம் நிரப்பணும்: பெயர், அடையாள அட்டை எண், நேரம், எந்த மெஷின், பார்த்த சாட்சி யார். ஒரு கட்டம் காலியா இருந்தால்கூட பாரம் திரும்பி வரும். ஒரு விரலுக்கே இவ்வளவு. சயாமில் செத்த நம்ம ஆளுங்களுக்கு எந்தப் பாரமும் இல்லை. அதனால்தான் மேலே மதிப்பீடு என்று சொன்னோம்.

2019-ல் நாங்க 14 பேர் காஞ்சனபுரிக்குப் போனோம். பாடாங் பெசாரில் ஏறினால் மறுநாள் காலை பான் போங் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வண்டி பேங்காக் போகும். தாண்டும்போது யாரும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் கைதிகளின் கல்லறைத் தோட்டம் பார்த்தோம். கிட்டத்தட்ட 7,000 கல்லறை, புல் வெட்டி, பூச்செடி வைச்சு, கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. குறை சொல்லலை, அப்படித்தான் வைக்கணும். நம்மவங்களுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. 1990-ல் அந்த ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டும்போது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. ஆசியத் தொழிலாளிகளுடையது. ஒருத்தர் பெயரும் தெரியாது. 1944-ல் ஜப்பான்காரனே கட்டின நினைவுத்தூண் ஒன்று ஆற்றுப் பக்கத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. கொன்னவன் வைச்ச கல்லில்தான் அன்று எங்களுக்குத் தமிழ் கிடைத்தது. பிறகு 2023 மே மாதம் அந்த ஊர்ப் புத்தக் கோயிலில் நம்மவங்களுக்கு நடுகல் நட்டாங்க, தமிழ்நாட்டு அரசும் பணம் கொடுத்தது. முயற்சி எடுத்தவங்களுக்குக் கோடி புண்ணியம்.

பாதையைத் திறந்து வைச்ச எஞ்சினும் பத்திரமா இருக்கு. தோக்கியோவில் யாசுகுனி ஆலயக் காட்சிக்கூடத்தில், பளபளப்பா துடைச்சு வைச்சிருக்காங்க. அதுக்கு நம்பர் இருக்கு: சி 56 31.

நஷ்ட ஈடு கேட்டு வருஷக்கணக்காக மனுக் கொடுத்துக்கிட்டு இருக்கும் அமைப்புகளை நாங்க மதிக்கிறோம். கேட்கட்டும், கேட்கணும். ஆனால் யாருக்குக் கொடுக்கிறது என்று நாளைக்கு ஒருத்தர் கேட்டால் என்ன நீட்டுவோம்? சீனர்கள் சத்தமும் போட்டாங்க, பட்டியலும் எடுத்தாங்க. நாம் இன்னும் சத்தத்தில்தான் இருக்கோம். கோபம் இருக்கு, பட்டியல் இல்லை. எங்க ஆலயத்துக்கும் இதே குறைதான். 70 வருஷமா திருவிழா கணக்கு நோட்டு இருக்கு, எந்த வருஷம் யார் எத்தனை வெள்ளி மொய் எழுதினாங்க என்று சொல்ல முடியும். சயாமுக்குப் போன ஒருத்தர் பெயரை எழுதி வைக்கலை.

அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். பெரிய கணக்குப் புத்தகம், நீல அட்டை. ஒவ்வொரு ஞாயிறும் காலை பூஜைக்குப் பிறகு, 9 மணியிலிருந்து 12 மணி வரைக்கும் ஆலய மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். கட்டணம் கிடையாது. போனவர் பெயர், அவர் அப்பா பெயர், எந்தத் தோட்டம், யார் கூடப் போனார், திரும்பினாரா, யார் வந்து சொன்னது, இவ்வளவுதான் கேட்போம். தெரியாத கட்டத்தைக் காலியா விடலாம், எங்க நோட்டில் பாரம் திரும்பி வராது. பழைய போட்டோ, பிறப்புப் பத்திரம், தோட்டத்து ரேஷன் அட்டை எதுவாக இருந்தாலும் கொண்டு வாங்க. கையில் வைச்சுப் படம் எடுத்துட்டு அப்பவே திருப்பிக் கொடுத்துடுவோம். நடக்க முடியாத பெரியவங்க இருந்தால் சொல்லி அனுப்புங்க, நாங்க வீட்டுக்கு வர்றோம். மற்ற இனத்தவர் வீட்டிலிருந்து போனவங்களையும் எழுதுவோம். பக்கத்துக் கம்போங்கில் ஒரு பாக்சிக் தன் அண்ணன் பெயரை ஏற்கெனவே கொடுத்திருக்கார்.

இதுவரைக்கும் 61 பெயர். முதல் பக்கத்தில் முதல் வரி பாட்டியோட அப்பா. தேதிக் கட்டத்தில் "தெரியாது" என்று எழுதப் போனோம். பாட்டி தடுத்து, "மழைக்காலம்னு எழுதுப்பா, அந்த ஆளு அதைச் சொன்னாரு" என்றார். அப்படியே எழுதியிருக்கோம்.